ஐம்பதைத் தாண்டியபின் ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுவது பற்றி

நீலகிரிப்பெண் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. குன்னூரில் பிறந்து கோவையில் படித்தவள். திருமணத்துக்குப் பிறகு மெல்பர்னில் வசிக்கிறேன். அம்மா தமிழர். அப்பா போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். எங்கள் குடும்பப் பெயர் 'மெக்' என்று தொடங்கும். பள்ளியில் அதற்காகக் கேலி செய்தார்கள். இங்கே வந்த பிறகு, இந்த முகத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று நாசூக்காக விசாரிக்கிறார்கள். இளம் வயதில் இரண்டுக்குமே பதில் சொல்லப் பிடிக்காமல் நகர்ந்துவிடுவேன். அப்பாவைக் கேட்டாலும், "எஞ்சின் டிரைவராக வந்தவர், இன்வர்னஸ்காரர்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்.

அப்பா காலமான பிறகு அவருடைய காகிதங்களுக்கு நடுவே 1874ஆம் ஆண்டின் ஞானஸ்நானச் சான்று நகல் ஒன்று கிடைத்தது. அது என் கொள்ளுத்தாத்தாவினுடையது. தகப்பன் என்ற இடத்தில் முழுப் பெயரும் குடும்பப் பெயரும் ரயில்வே உத்தியோகமும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. தாய் என்ற இடத்தில் 'மேரி' என்று மட்டும் இருக்கிறது. இதற்கிடையே மகன் பரிசாக வாங்கிக் கொடுத்த மரபணுச் சோதனை, எனக்கு 14 சதவீதம் ஸ்காட்லாந்து என்கிறது.

அடுத்த ஆண்டு மகனுக்குத் திருமணம். சம்பந்தி வீட்டார் ஆண்டுதோறும் ஹைலேண்ட் (வட ஸ்காட்லாந்து மலைநாட்டு) விளையாட்டுகளுக்குப் போகும் பரம்பரை ஸ்காட்டிஷ் ஆஸ்திரேலியர்கள். எங்கள் குலத்தின் டார்டன் துணியை நாங்களும் அணிந்து வரவேண்டும் என்று ஆசையோடு கேட்கிறார்கள். தேடலை எங்கிருந்து தொடங்குவது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் கட்டம் போட்ட துணியை உடுத்துவது எனக்கு உரிமையா, வேஷமா என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

---

பதிவேட்டுவாசி (எடின்பரோ)

சகோதரி, துணியைப் பிறகு பார்ப்போம், முதலில் காகிதம். 1874இல் மகனுக்கு ஞானஸ்நானம் என்றால் அந்தத் தகப்பனார், அதாவது உங்கள் எள்ளுத்தாத்தா, 1840ஐ ஒட்டிப் பிறந்தவராக இருக்கலாம். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்துதான். அதற்கு முற்பட்டவை தேவாலயப் பங்குகளின் (ஊர்வாரித் திருச்சபைகளின்) பழைய பதிவேடுகளில் இருக்கின்றன. ஹைலேண்ட்ஸில் பல பங்குகளின் ஏடுகள் தாமதமாகத் தொடங்கியவை, நடுவில் ஆண்டுக்கணக்கில் விட்டுப்போனவை. ஆகவே அவருடைய பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். 1841, 1851 குடிக்கணக்கெடுப்புகளில் பெற்றோர் வீட்டில் இருக்கும் சிறுவனாக அவர் அகப்படக்கூடும். 'இன்வர்னஸ்' என்பது ஊர்ப் பெயர் மட்டுமல்ல, மாவட்டப் பெயரும்கூட. அன்றைய இன்வர்னஸ்ஷையரில் ஸ்கை, ஹாரிஸ், யூயிஸ்ட் தீவுகளும் அடக்கம் என்பதை நினைவில் வையுங்கள்.

நேரடியாக ஸ்காட்லாந்து ஏடுகளில் குதித்து, அதே பெயரில் அகப்படும் முதல் ஆளைத் தாத்தாவாக வரித்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. வேண்டாம். இந்திய முனையிலிருந்து தொடங்குங்கள். மதராஸ் மாகாணத் தேவாலயங்கள் தங்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளுக்கு ஒரு நகல் எடுத்து அனுப்ப, அவை லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸுக்கென்று தனித் தொகுதி இருக்கிறது. ஃபிபிஸ் என்று அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். அவர் மதராஸ் மாகாணத்தில் மணமுடித்திருந்தால் அந்தப் பதிவில் அவருடைய தகப்பனார் பெயர் இருக்க நல்ல வாய்ப்புண்டு. அந்தப் பெயர் கையில் வந்த பிறகே, ஸ்காட்லாந்து அரசின் பதிவேடுகள் இருக்கும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்துக்குப் போங்கள். அங்கே அட்டவணையைத் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. ஏட்டின் படத்தைத் திறக்கத்தான் காசு.

ஸ்காட்லாந்துப் பதிவுகளில் ஒரு பெரிய வசதி உண்டு. 1855க்குப் பிறகு இறந்த ஒருவரின் பதிவில் அவருடைய தாய், தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு இருக்கும். எள்ளுத்தாத்தாவின் பெற்றோர் 1860களிலோ 70களிலோ அங்கே இறந்திருந்தால், அவர்களுக்கும் முந்திய தலைமுறை ஒரே தாளில் வந்துவிடும். பதிவு தொடங்கிய 1855இல் இன்னும் தாராளம்: குழந்தையின் பிறப்பைப் பதியும்போது பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், மணமான நாள், அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதெல்லாம் கேட்டார்கள். எழுத்தர்களால் தாக்குப்பிடிக்க முடியாமல் அடுத்த ஆண்டே அதைக் குறைத்துவிட்டார்கள்.

பெயரிடும் வழக்கமும் உதவும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்பது அங்கே பரவலான மரபு. இது நமக்குப் புதிதல்ல. சட்டம்போல் நம்பிவிட வேண்டாம், துப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

---

மரபியல் மாணவன்

அந்த 14 சதவீதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் மரபணுவில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், ஒரு எள்ளுத்தாத்தாவின் பங்கு சராசரியாக 6.25 சதவீதம். சற்று ஏறலாம், இறங்கலாம். ஆனால் அவர் ஒருவரிடமிருந்து மட்டும் 14 வருவது மிக அரிது. ஆகவே உங்கள் அப்பாவின் வழியில் வேறு கிளைகளிலும் ஸ்காட்லாந்துக்காரர் யாரோ இருக்கிறார். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டதை நினைத்தால் இது எதிர்பார்க்கக்கூடியதே. நீங்கள் தேடவேண்டியவர் ஒருவரல்லர், பலர்.

இன்னொன்று, அந்த எண் உங்கள் உடலில் எழுதியிருப்பதல்ல. நிறுவனம் தன்னிடமுள்ள மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. தொகுப்பு மாறினால் எண்ணும் மாறும்; அடுத்த ஆண்டு அது 9 ஆகலாம், 20 ஆகலாம். வட அயர்லாந்தையும் வட இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்திலிருந்து பிரித்தறிவதும் இந்தச் சோதனைகளுக்குக் கடினம். சோதனையில் உண்மையான பயன் தருவது, சோதனை செய்துகொண்ட மற்றவர்களில் யாருடைய மரபணு உங்களுடையதோடு பொருந்துகிறது என்று காட்டும் உறவினர் பொருத்தப் பட்டியல்தான். சதவீதத்தை மறந்துவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

---

ஹாலிபாக்ஸ் தமிழன்

கனடாவில் நான் வசிக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் பெயருக்கே புதிய ஸ்காட்லாந்து என்றுதான் பொருள். 1773இல் ஹெக்டர் என்ற கப்பல் ஸ்காட்லாந்தின் லாக் ப்ரூமிலிருந்து சுமார் 200 பேரோடு புறப்பட்டு, வழியில் அம்மைக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பல குழந்தைகளைப் பறிகொடுத்து, இங்குள்ள பிக்டூ துறையில் வந்து நின்றது. இன்று அந்தத் துறையில் அதே கப்பலின் மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆன்டிகோனிஷ் ஊரில் 1863 முதல் ஹைலேண்ட் விளையாட்டுகள் நடக்கின்றன. 2016 கணக்கெடுப்பில் கனடாவில் சுமார் 48 லட்சம் பேர் தங்களுக்கு ஸ்காட்லாந்து வம்சாவளி உண்டு என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 54 லட்சம்தான்.

ஆனால் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். இங்கே கேப் பிரெட்டன் தீவில் வீடுகளில் ஹைலேண்ட் மக்களின் கேலிக் மொழி பேசப்பட்ட காலத்தில், பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். மொழி தேயத் தேய, அடையாளச் சின்னங்கள் பெருகின. ஆங்கஸ் எல். மெக்டொனால்ட் மாகாண முதல்வராக இருந்த காலத்தில்தான் மாகாண எல்லையில் பேக்பைப் வாசிப்பவரை நிறுத்திச் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் ஏற்பாடெல்லாம் வந்தது. 1950களில் மாகாணத்துக்கென்று தனி டார்டனும் உண்டாயிற்று. பிரெஞ்சு அக்கேடியர்களும் மிக்மா பழங்குடியினரும் கறுப்பினத்தவரும் வாழும் ஒரு மாகாணம் முழுவதும் டார்டன் பாவாடையான கில்ட் உடுத்தியதுபோல் காட்டப்பட்டது.

அதே தீவில் 1938இல் தொடங்கிய கேலிக் கல்லூரி இருக்கிறது. கோடை வகுப்புகளுக்கு வருபவர்களில் என் வயதொத்தவர்களே அதிகமாகக் கண்ணில் படுகிறார்கள். பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போயிருப்பார்கள், பெற்றோர் இறந்திருப்பார்கள். பாட்டி அடுப்படியில் முணுமுணுத்த பாட்டின் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதன் பொருள் என்ன என்று ஆசிரியரிடம் கேட்க வருகிறார்கள். கேட்க ஆள் இருந்த வயதில் கேட்கத் தோன்றாதது இவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இவர்களை வேஷதாரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. டார்டன் கழுத்துப்பட்டையை விமான நிலையத்தில் வாங்குவதற்கும், ஐம்பத்தைந்து வயதில் வினைச்சொல் மனப்பாடம் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

---

ஹட்டன் மலையான்

இந்த இழையை வாசிக்க வாசிக்க எனக்குள் ஒரு புகைச்சல். அக்கா குறைநினைக்கக் கூடாது.

இலங்கை மலையகத்தில் நான் பிறந்த ஊரின் பெயர் ஹட்டன். அது அபர்டீன்ஷையரில் உள்ள ஓர் ஊரின் பெயர் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்களைச் சுற்றியிருந்த தோட்டங்கள் டன்கெல்ட், கிளென்கெய்ர்ன், ஸ்ட்ராத்ஸ்பே. ஊரைவிட்டுப் போன ஏக்கத்தில் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை எங்கள் மலைகளுக்குச் சூட்டினார்கள். எங்கள் சனம் அவற்றைக் கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழில் ஒரு பெயர் வைத்துக்கொண்டது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷையர்க்காரர் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவருக்குக் கீழே காடு வெட்டியவர்கள் யார், புதுக்கோட்டையா, திருச்சியா, சேலமா, எந்த ஊர் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, கொள்ளைநோயில் பாதி வழியிலேயே விழுந்தவர்களுக்கு இறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையா எழுதினார்கள்? எங்கள் பாட்டன்மாரின் பெயர் தோட்டத்தின் ஆள்பதிவான செக்ரோலிலும், ஆள்பிடித்து வேலை வாங்கிய கங்காணியின் கடன் கணக்கிலும்தான் இருந்தது. அவையும் பெரும்பாலும் கறையானுக்குப் போயின.

பாட்டனோ பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருந்தால், பொதுநலவாய நாட்டவருக்கு அங்கே போய் வேலை செய்ய இன்றும் தனி விசா இருக்கிறது. எங்களுக்கு 1948இல் இலங்கையில் குடியுரிமை இல்லை என்றார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று எங்களைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். போனவர்களில் பலர் அக்கா பிறந்த நீலகிரிக்குத்தான் வந்து, அவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில், இன்றைய டான்டீயில், மறுபடியும் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியேறினார்கள். அதனால் கேட்கிறேன்: அந்த ஞானஸ்நானச் சான்றில் இருவர் இருக்க, தேடுவது ஏன் இன்வர்னஸ்காரரை மட்டும்? மேரிக்கு எந்த டார்டன்?

---

நீலகிரிப்பெண்

குறைநினைக்கவில்லை, தம்பி. டான்டீ லயத்துப் பிள்ளைகள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தார்கள்; அவர்களை ஊர் எப்படிப் பேசியது என்பதும் நினைவிருக்கிறது.

மேரியைத் தேட எனக்கு விருப்பமில்லாமல் இல்லை. தேடுவதற்குப் பிடி இல்லை என்பதுதான் நிலை. அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, மேரி என்பது பிறந்தபோது வைத்த பெயரா, ஞானஸ்நானத்தின்போது கொடுத்த பெயரா என்பதும் தெரியாது. என் மகனுக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடம் ஒன்பது தலைமுறைப் பட்டியல் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன் எதிரே நின்றபோது எனக்கு ஏற்பட்டது பொறாமைதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

---

கிளாஸ்கோ யாழ்ப்பாணி

டார்டன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹைலேண்ட் கிளர்ச்சிக்காரர்கள் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு 1746இல் ஹைலேண்ட் ஆண்கள் அந்த உடையை அணிவதைச் சட்டம் தடுத்தது. 1782இல்தான் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் அதுவே அரசவிழா உடையாயிற்று. குலத்துக்கு ஒரு டார்டன் என்ற ஒழுங்கு பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தது. அரச வம்சம் என்று சொல்லிக்கொண்ட இரு சகோதரர்கள், பழைய சுவடியிலிருந்து எடுத்தோம் என்று 1842இல் வெளியிட்ட போலி நூலிலிருந்து இன்று புனிதமாகக் கருதப்படும் பல குல டார்டன்கள் வந்தன. குலப் பெயர் உள்ளவரெல்லாம் குலத் தலைவனின் இரத்தம் என்பதும் இல்லை. அவருடைய நிலத்தில் குடியிருந்தவர்கள் பலர் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார்கள். யார் எதை உடுத்தலாம் என்று சட்டம் ஏதும் கிடையாது. சின்னம் பொறித்த கேடயம் மட்டும் வேறு. அது குடும்பத்துக்கல்ல, தனி ஆளுக்கு வழங்கப்படுவது, லோர்ட் லயன் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. உங்கள் குடும்பச் சின்னம் என்று கடைக்காரர் எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இங்கே வாழும் ஸ்கொட்லாந்தியர் கடல் கடந்த சொந்தங்களின் இந்த ஆர்வத்தைச் சற்றுச் சிரிப்போடுதான் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் 2014 செப்டம்பர் 18 சுதந்திர வாக்கெடுப்பில் வெளிப்பட்டது. வாக்குரிமை இங்கே வசிப்பவருக்கு, 16 வயதிலிருந்து. இரத்தம் கேட்கப்படவில்லை. பருத்தித்துறையில் பிறந்த நான் வாக்களித்தேன். இன்வர்னஸில் பிறந்து லண்டனில் வாழும் என் சக ஊழியருக்கு வாக்கில்லை. ஆக, இந்த நாட்டுக்குள்ளே யார் ஸ்கொட்லாந்தியர் என்பதற்கு வசிப்பிடம் அளவுகோல். வெளியே உள்ளவர்களுக்கு வம்சம் அளவுகோல். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. எனக்கு அந்த முதல் அளவுகோல் பெரும் ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஹட்டன் தம்பியின் கோபத்தோடு இன்னொன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். வடக்கே க்ரோயிக் என்ற இடத்தில் ஒரு சிறு தேவாலயம் உண்டு. 1845இல் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து ஆடு மேய்ப்புக்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அதன் முற்றத்தில் கூடாரம் போட்டுத் தங்கின. அவர்கள் சன்னலின் வைரவடிவக் கண்ணாடிகளில் வெளிப்புறமாகக் கீறிய எழுத்துகள் இன்னும் வாசிக்கும்படி இருக்கின்றன. கிளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை என்று எழுதியிருக்கிறார்கள். தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் பாவத்தின் கூலி என்று அவர்கள் நம்பியது அதில் தெரிகிறது. நிலப்பிரபுவின் பெயர் அங்கே இல்லை.

அந்த மாதிரி மண்ணிலிருந்து போனவர்களே வேறிடத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு நீங்கள் வசிக்கும் விக்டோரியாவே சாட்சி. ஸ்கை தீவிலிருந்து 1838இல் ஒஸ்திரேலியா வந்த ஆங்கஸ் மெக்மில்லன், கிப்ஸ்லாந்துக்கு வழி திறந்தவர் என்று நெடுங்காலம் போற்றப்பட்டார். குர்னாய் பழங்குடி மக்களின் படுகொலைகளில், குறிப்பாக 1843இல் வாரிகல் க்ரீக்கில் நடந்ததில், அவருடைய பங்கு பற்றிய வரலாறு வெளிவந்தபின், அவர் பெயரிலிருந்த நாடாளுமன்றத் தொகுதிக்கு 2019 தேர்தலில் மொனாஷ் என்று பெயர் மாறியது. துரத்தப்பட்டவன் துரத்தினான். அக்கா ஸ்கொட்லாந்து வேர் என்று எதையாவது ஏற்றுக்கொள்வதானால் இதையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும். சுவரில் சட்டம் போட்டு மாட்டும் பட்டியலில் இது வராது.

திருமணத்துக்கு ஒரு யோசனை: குலத்துக்குப் பதிலாக மாவட்டங்களுக்கும் டார்டன் உண்டு, இன்வர்னஸுக்கும் இருக்கிறது. ஊரை மட்டும் சொல்லும். யாருடைய வாரிசு என்று சொல்லாது.

---

ஹட்டன் மலையான்

கண்ணாடியில் கீறியவர்கள் கதை எனக்குத் தெரியாது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணை, கீறுவதற்கு அவர்களுக்கு எழுத்து தெரிந்திருந்தது, அந்தக் கண்ணாடியைப் பாதுகாக்க ஒரு தேவாலயமும் இருந்தது. லயத்துச் சுவரை வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து மூடிவிடுவார்கள்.

---

பதிவேட்டுவாசி

மேரியிடம் வருவோம். குடும்பப் பெயர் இல்லை என்பதால் அவர் இந்தியப் பெண் என்று முடிவுகட்ட முடியாது. மதம் மாறிய தமிழ்ப் பெண்ணாக இருக்கலாம், தெலுங்கராக இருக்கலாம், ஏற்கெனவே கலப்புக் குடும்பத்தில் பிறந்தவராகவும் இருக்கலாம். தாயின் பிறந்த வீட்டுப் பெயரைத் தன் நாட்டில் ஒரு இறப்புப் பதிவில்கூட விடாமல் எழுதிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள், மதராஸ் ஏடுகளில் மனைவியின் பெயரைப் பாதியில் நிறுத்தியது கைத்தவறு அல்ல என்பதில் ஹட்டன் நண்பரோடு நான் உடன்படுகிறேன். அடுத்து உயில்களைப் பாருங்கள். சொத்து என்று வந்தால் ஆட்கள் கவனமாக எழுதுவார்கள். ஞானஸ்நானப் பதிவில் விட்ட பெயரை, மாதம் இத்தனை ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உயிலில் குறிப்பிட்டவர்கள் உண்டு.

---

மரபியல் மாணவன்

மரபணுவிலும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது அக்காவின் உடலில் இல்லை. தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு மேரியிடமிருந்து அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போயிருக்கும். மகன்களோடு அது நின்றுவிடும். உங்கள் கொள்ளுத்தாத்தா மகன் என்பதால் உங்கள் கிளையில் அது அவரோடு முடிந்தது. அவருக்குச் சகோதரி இருந்து, அந்தச் சகோதரியின் மகள், மகளின் மகள் என்று அறுபடாமல் வந்த ஒருவர் இன்று இருந்தால், அவரைச் சோதித்து மேரியின் தாய்வழி எந்த நிலப்பரப்பைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லலாம். ஊரோ சாதியோ அதில் தெரியாது. ஐரோப்பாவா தெற்காசியாவா என்பது தெரியும்.

---

நீலகிரிப்பெண்

அனைவருக்கும் நன்றி. பெர்த்தில் இருக்கும் அப்பாவின் பெரியம்மா மகளிடம் பேசினேன், எண்பதைத் தாண்டியவர். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்ததாகவும், கோலார் தங்கவயலில் வேலை பார்த்த ஒருவரை மணந்து அங்கேயே இருந்ததாகவும், அந்தத் தங்கை எப்போதும் சேலைதான் உடுத்துவார் என்பதால் குடும்பத்தில் அவரைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள் என்றும் சொன்னார். இதை அப்பா ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

டார்டன் விஷயத்தை மகனிடமே விட்டுவிட்டேன். இன்வர்னஸ் மாவட்டத் துணியில் கழுத்துப்பட்டை கட்டிக்கொள்கிறானாம். நான் பட்டுச்சேலையில்தான் வருவேன் என்று சம்பந்தி அம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

பதிவேட்டுவாசி ஐயா, தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது அல்லவா? 1895ஐ ஒட்டி அங்கே நடந்த ஒரு திருமணத்தை எந்தத் தொகுதியில் தேட வேண்டும்?

---

பதிவேட்டுவாசி

மதராஸ் தொகுதியிலேயே தேடுங்கள். பெங்களூர், மைசூர்ப் பகுதித் தேவாலயப் பதிவுகளும் அதில்தான் சேர்ந்திருக்கின்றன. மணமகளின் தகப்பனார் பெயரை வைத்துத் தேடினால் சீக்கிரம் அகப்படும். எள்ளுத்தாத்தாவின் முழுப் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். உயில் அட்டவணையை நான் பார்க்கிறேன்.